தின்பதே பத்தியம்

வக்கீலிடம் பொய் சொன்னால் கேஸ் தோற்றுப்போகும் என்று நம் ஜனங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. கழுத்தில் குழாய் மாட்டிய என் சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், "இந்த மனுஷனுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

கோட்டாற்றில் டிஸ்பென்சரி வைத்திருந்த அத்தனை வருஷத்தில் காய்ச்சலும் பேதியும் என்னைப் படுத்தியதைவிட, இன்சுலின் என்கிற ஒரே ஒரு புது மருந்து, தாழக்குடியில் ஒரே ஒரு வீட்டில் படுத்தியதுதான் அதிகம். அந்தக் கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். மொத்தமாகச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும், அதை அளக்கிற பெட்டியும் இப்போது வீட்டிலேயே இருக்கிறது.

ஐஸ் எங்கே?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. ஊர்நாட்டில் பிராக்டீஸ் செய்கிற எங்களைப் போன்ற டாக்டர்களைத் திருவனந்தபுரத்தில் கூட்டிவைத்து, வைத்தியத்தில் புதிதாக வந்தவற்றை ஒரு வாரம் பாடம் சொன்னார்கள். சோகைக்கு ஈரல் கொடுக்கலாம், ரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை சுற்றி அளக்கலாம், நீரிழிவுக்கு இன்சுலின் குத்தலாம். இன்சுலின் பாடத்தன்று இரண்டு படம் காட்டினார்கள். ஒன்றில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. அடுத்ததில் அதே குழந்தை, சில மாசம் கழித்து, கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயசில் நீரிழிவு வந்த ஒருத்தரைக்கூட அதுவரை நான் பிழைக்கவைத்ததில்லை. நாள் குறித்துக் கொடுப்பதுதான் என் வைத்தியமாக இருந்தது.

பாடம் சொன்னவர் சீமைக்குப் போய்த் திரும்பியவர். கோட்டும் சூட்டுமாக நின்று, மருந்துக் குப்பியை எப்போதும் ஐஸில் வைக்க வேண்டும் என்றார். நான் எழுந்து, "எங்கள் பக்கத்தில் ஐஸ் என்றால் அது என்ன சாதி என்று கேட்பார்கள் ஐயா, நாங்கள் எங்கே வைப்பது?" என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஐஸ் கிடைக்காதது உங்கள் ஊரின் குறை. மருந்தின் குறை அல்ல."

பட்டினி வைத்தியம்

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் பக்கத்து மூத்த டாக்டரிடம் ஓடினேன். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். நீரிழிவு என்று யார் போனாலும் பட்டினி போடுவார். காய்கறி அவித்த தண்ணீர், அதுவும் மூன்று தடவை வடித்தது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அதுதான் முறை. பட்டினி போட்டால் இன்னும் கொஞ்ச நாள் உயிர் நிற்கும். ஆனால் புது மருந்து வந்து, அது கைக்கெட்டிய பிறகும் அதே வடிதண்ணீரா?

"அண்ணாச்சி, இனிப் பட்டினி வேண்டாம். ஊசி போட்டுச் சோறு போடலாம்" என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். பொடி எடுத்தார். தும்மினார். பிறகு என்னைப் பார்த்து, பெருமையாகவே சொன்னார்: "நேத்து வந்த ஊசியை வச்சு எனக்குப் பாடம் சொல்லாதேயும் வே. எங்கிட்ட செத்தவன் ஒருத்தன் மூத்திரத்திலயும் சாகும்போ சர்க்கரை கெடையாது!"

பத்தியம் என்ன?

அவருடைய வடிதண்ணீரில் கிடந்தவள்தான் உமையம்மை. தாழக்குடிக்காரன் தாணுவின் பெண்டாட்டி. தாணுவுக்குக் கொஞ்சம் நெல்வயலும் ஒரு தென்னந்தோப்பும். உமைக்கு இருபது இருபத்தொரு வயசு இருக்கும். நான் பார்க்கப் போனபோது பாயில் ஒரு சேலை கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தச் சேலை, "தண்ணி" என்று கேட்டது. இன்சுலின் இல்லாவிட்டால் இவள் அடுத்த கார் நெல் அறுப்பைப் பார்க்க மாட்டாள் என்று தாணுவை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். போட்டால் பிழைப்பாள், ஆனால் தினமும் இரண்டு வேளை, ஆயுசு முழுக்க. அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் அவனுடைய அம்மை, ஆவுடையம்மை. ஐம்பது தாண்டியவள், அந்தத் தெருவுக்கே சட்டம் சொல்கிறவள். "இது எதிலேருந்து எடுக்குத மருந்து?" என்று கேட்டாள். மாட்டின் வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் ஒரு சுரப்பியிலிருந்து எடுப்பது என்று அந்தச் சைவ வீட்டு முற்றத்தில் நின்று நான் சொல்வேனா? சொன்னால் குப்பியோடு என்னையும் குளத்தில் வீசுவாள். "சீமையில் செய்கிற ஒரு சத்து" என்று சொல்லி முழுங்கினேன்.

அடுத்த கேள்வி பத்தியம். புளி சேர்க்கலாமா, எண்ணெய் தேய்க்கலாமா, உப்பை வறுக்க வேண்டுமா, தயிர் ஆகுமா? எனக்கு அப்போது புது வைத்தியத்தின் திமிர். "கருப்பட்டி, அக்கானி, பழம், பாயசம், இந்த இனிப்பெல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாது. மற்றபடி பத்தியமே கிடையாது, எல்லாம் தின்னலாம்" என்றேன். ஊசி போட்டு அரை மணிக்குள் தின்றே ஆக வேண்டும் என்பதையும் சொன்னேன், தாணுவிடம். அவனும் தலையாட்டினான். அடுப்பங்கரையில் நிற்கிற ஆளிடம் சொல்ல வேண்டியதை வயலில் நிற்கிற ஆளிடம் சொன்ன புத்திசாலி நான். ஆவுடையம்மை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்தியம் இல்லாத மருந்தும் ஒரு மருந்தா? பச்சத்தண்ணியைக் குத்திட்டுப் போறதுக்கா இம்புட்டுத் தூரம் சைக்கிள் சவிட்டி வந்திய?"

நீலம்

இன்சுலின் குப்பி சென்னையிலிருந்து வந்தது. ஐஸுக்குப் பதிலாக ஒரு புதுப்பானையில் ஆற்றுமணலை நிரப்பி, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, அதற்குள் புதைத்து வைத்தேன். அந்தச் சீமைக்காரர் வந்து பார்த்துக்கொள்ளட்டும். தினமும் காலையும் மாலையும் நானே சைக்கிளில் போய் ஊசி போட்டேன். தாணு தினமும் ஒரு குப்பி மூத்திரம் கோட்டாற்றுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், முற்றினால் செங்கல் நிறம். முதல் நாளே நீலம். மறுநாளும் நீலம். மூன்றாம் நாள் சுத்தமான வானத்து நீலம்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. திருவனந்தபுரத்து வாத்தியாருக்குப் பெருமையடித்து ஒரு கடிதம் எழுதினேன். சர்க்கரைதான் இல்லையே என்று மருந்தையும் குறைத்தேன். அந்த வாரக் கடைசியில் உமை மறுபடியும் பாயில் சேலையாகக் கிடந்தாள். மூச்சில் அழுகின பழத்தின் வாடை. நான் வாசலில் காத்திருக்க, அப்போதே ஒரு குப்பி பிடித்துத் தரச் சொல்லி, அவர்கள் முற்றத்திலேயே விளக்கு வைத்துக் காய்ச்சினேன். செங்கல்! "இத்தனை நாள் எனக்கு வந்தது யாருடைய மூத்திரம்?" என்று நான் போட்ட கூப்பாட்டில் தெருவில் போன மாடு மிரண்டு ஓடியது. ஆவுடையம்மை ஒரு சொட்டுக்கூட அசரவில்லை. "அவ சின்னஞ்சிறுசு, டாக்டரே. அவ மூத்திரத்தைத் தெருவழியா கோட்டாறு வரைக்கும் கொண்டுபோனா நாலு பேரு என்ன சொல்லுவான்? நான் கெழடு, எனக்கென்ன மானம்? அதான் என்னுதைக் குடுத்துவிட்டேன்."

வழுதலங்காய்

கோட்டாற்றிலிருந்து தாழக்குடிக்கு ஆயுசு முழுக்க இரண்டு வேளை சைக்கிள் மிதிக்க என்னால் முடியுமா? வீட்டில் ஒருத்தர் குத்தப் படிக்க வேண்டும். தாணுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வயலில் சாரைப்பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி அடிக்கிற பயல், ஊசி முனையைப் பார்த்ததும் கண்ணைச் செருகிக்கொண்டு என் மேலேயே சாய்ந்தான். அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவதற்குள் எனக்கு அரை நாள் போயிற்று. ஆம்பிளைகளின் லட்சணம் இது.

"தள்ளுடா சவமே" என்று ஆவுடையம்மை வந்து உட்கார்ந்தாள். முதலில் வழுதலங்காயில், அதுதான் கத்தரிக்காயில், குத்திப் பழகச் சொன்னேன். தோல் பிடித்து, சரித்து, ஒரே தள்ளு. நான் கல்லூரியில் ஒரு மாசம் பழகியதை அவள் ஒன்பது காயில் பழகினாள். சிரிஞ்சை வெந்நீரில் அவிப்பது, மருந்தை உறிஞ்சுவது, காற்றை வெளியே தள்ளுவது, எல்லாம் சரி. "காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, சாயங்காலமும் அப்படித்தான்" என்று பாடம் சொன்னேன். அவள் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினாள்: முன்னால். அந்த "முன்னால்" மட்டும் அவள் மனசில் கல்வெட்டாக நின்றது. பின்னால் சாப்பாடு வந்தாக வேண்டும் என்பது நிற்கவில்லை, ஏனென்றால் நான் அதை அழுத்திச் சொல்லவில்லை. பாடம் முடிந்ததும் காய்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "குத்துன வழுதலங்கா ஒம்பதும் நல்லாத்தான் இருக்கு. தீயல் வச்சா தோசமொண்ணுமில்லையே?"

ஆடிச் செவ்வாய்

சித்திரையில் தொடங்கியது, ஆனி முடிவதற்குள் உமை எழுந்து நடந்தாள். கன்னத்தில் சதை வந்தது. தொழுவத்தில் சாணி அள்ளினாள், மாமியாரோடு சண்டைகூடப் போட்டாள். அதைவிட நல்ல அறிகுறி எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது? நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் படத்தில் பார்த்த குழந்தையை நினைத்துக்கொள்வேன்.

ஆடியில் முதல் செவ்வாய்க்கிழமை. பக்கத்து ஊரில் ஒரு காய்ச்சலைப் பார்த்துவிட்டு வரும் வழியில், தாணு தலைதெறிக்க ஓடிவந்து என் சைக்கிளை மறித்தான். காலையில் ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் உமை என்னென்னவோ உளறி, தள்ளாடி விழுந்துவிட்டாளாம். போய்ப் பார்த்தால் வீடு நிறையப் பெண்கள். உமை பிரக்ஞையில்லாமல் கிடக்கிறாள், கை வெட்டி வெட்டி இழுக்கிறது. இதில் இரண்டே வழிதான். சர்க்கரை ஏறி விழுந்திருந்தால் இன்னும் இன்சுலின் வேண்டும். தின்னாமல் சர்க்கரை இறங்கி விழுந்திருந்தால் உடனே சர்க்கரை வேண்டும். மாற்றிச் செய்தால் கொலை. இறங்கினால் உடம்பு வேர்த்து நனையும் என்று படித்திருந்தேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே யாரோ புண்ணியவதிகள் மயக்கம் தெளியட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தலைமுதல் கால்வரை நனைத்து வைத்திருக்கிறார்கள். எது வேர்வை, எது கிணற்றுத் தண்ணீர்? மூச்சை மோந்து பார்க்கக் குனிந்தால் வீடு முழுக்கச் சாம்பிராணி.

"காலையில் தின்றாளா?" என்று கேட்டேன். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "தின்னா, தின்னா" என்றாள் ஒருத்தி. "வயிறு நெறையத் தின்னா" என்றாள் இன்னொருத்தி. தாணுவைக் கேட்டேன். அவன் விடியுமுன்னே வயலுக்குப் போனவன். மறுபடியும் கேட்டேன், சத்தம்போட்டுக் கேட்டேன். எல்லோரும் தின்றாள் என்றே சாதித்தார்கள். பழைய கதைதான், எவளோ கொண்டுவந்த பாயசத்தைக் குடித்துச் சர்க்கரை ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, சிரிஞ்சில் மருந்தை இரட்டிப்பாக ஏற்றினேன். அவள் தோளைப் பிடித்து ஊசியைச் சரித்தபோது, ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. ஆவுடையம்மை.

"குத்தாதீங்க! அவ பல்லுல பச்சத்தண்ணி படல. இன்னைக்கு நோன்பு!" என்றாள். கூடியிருந்த பெண்கள், "அய்யோ மைனி!" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். ஆடிச் செவ்வாய் நோன்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆம்பிளைகளுக்குத் தெரியவேண்டிய அளவுக்கு. அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி என்று நம் வீட்டுப் பெண்கள் விடாமல் பிடிக்கிற நோன்பு. பகல் முழுக்கப் பட்டினி, இராத்திரி உப்பில்லாத கொழுக்கட்டை. அதைப்பற்றி ஓர் ஆம்பிளையிடம் மூச்சுவிட்டால் நோன்பு அழிந்தது, அழிந்த பாவம் சொன்னவள் தலையில். தெருவிலுள்ள அத்தனை பெண்களும் அந்த வருஷம் அதைப் பிடித்ததே உமை நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதானாம். மருந்து முடங்கக் கூடாது என்று ஆவுடையம்மை காலையில் ஊசியையும் தவறாமல் போட்டிருக்கிறாள், பாவி மனுஷி! ஊசியை வீசிவிட்டு, "கருப்பட்டி! கருப்பட்டி கொண்டா!" என்று கத்தினேன். நானே அந்த வீட்டிலிருந்து ஒழித்துக்கட்டிய கருப்பட்டி. நல்லவேளை, நான் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. நோன்புக்கென்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். கரைத்து, அவள் தலையைச் சரித்துப் பிடித்து, கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன். தொண்டை அசைந்தது. இன்னும் விட்டேன். என் சட்டையெல்லாம் கருப்பட்டித் தண்ணீர். ஒரு கால் மணி நேரம் இருக்கும், உமை கண்ணைத் திறந்தாள், நாக்கால் உதட்டைத் துழாவினாள், மிரண்டுபோய் மாமியாரைப் பார்த்துக் கேட்டாள்: "யாரு எனக்குக் கருப்பட்டி தந்தது? டாக்டரு அறிஞ்சா ஏசுவாவளே!"

என் வீட்டில்

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. சட்டையைக் கழற்றாமலே கூடத்தில் நின்று கத்தினேன். இவளுகளுக்கு உயிரைவிட நோன்பு பெரிதா, ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துபோகுமா, படித்துப் படித்துச் சொன்னாலும் ஏறாத மண்டைகள், இவர்களுக்குப் புது வைத்தியம் ஒரு கேடா? நான் என்னென்ன சொன்னேனோ எனக்கே நினைவில்லை. என் பெண்டாட்டி அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து நின்று முழுக்கக் கேட்டாள். முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. அன்றைக்கும் செவ்வாய்தானே? அன்று காலையில், "ராத்திரி உங்க அண்ணன் வீட்டுல சாப்பிட்டுக்கிடுங்க" என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். வருஷா வருஷம் சொல்கிறாள். நானும் வருஷா வருஷம் போய் அவியலும் எரிசேரியுமாகச் சாப்பிட்டு வருகிறேன்.

நான் கத்தி ஓய்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "இருவது வருசமா உங்களை இப்பிடி வெளிய அனுப்புகேன். அன்னைக்கு நான் காலையிலேருந்து என்ன தின்னேன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியளா?"

ஒரு பொய்யும் இன்னொரு பொய்யும்

மறுநாள் தாழக்குடிக்குப் போனேன். உமை உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்தாவது நான் சும்மா வந்திருக்கலாம். ஆனால் முந்தின நாள் இரட்டிப்பு மருந்து என் கையில் இருந்ததை நினைக்க நினைக்க, பயமெல்லாம் ஆத்திரமாக மாறியது. ஆவுடையம்மையை முற்றத்துக்குக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன். மூத்திரத்தில் ஒரு பொய், நோன்பில் ஒரு பொய், இப்படிப் பொய் சொல்கிற வீட்டில் எந்த டாக்டரும் வைத்தியம் பார்க்க முடியாது, என் கையால் இந்தப் பெண்ணைக் கொன்றிருப்பேனே, அப்போது நீயா வந்து பதில் சொல்வாய்? அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மழை விடட்டும் என்று காத்திருப்பவளைப் போல நின்றாள்.

நான் நிறுத்தியதும் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மாட்டு வயித்துக்குள்ளேருந்து எடுக்குத மருந்துன்னு எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும். குப்பி வாங்க வந்தப்போ உங்க கம்பவுண்டர் மீரான் சொல்லிட்டான். நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா? பிள்ளை பொழைக்கட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டு, இந்தக் கையாலதான் குத்துகேன். பொய்யி நானும் சொன்னேன், நீங்களும் சொன்னிய. சத்தம் போடுகது மட்டும் நீங்களா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோட்டாறு வந்து மீரானைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு மூத்தவர், பத்து வருஷமாக என் டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவர். ஒரு வார்த்தையை இவரால் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாதா? அவர் உரலில் மருந்து அரைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "அந்தம்மா கேட்டாவ, நான் சொன்னேன். பொய் சொல்லணும்னா நீங்க முந்தியே சொல்லியிருக்கணும் டாக்டரே."

மறு ஆடி

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் எதையும் மறைக்கவில்லை. உமையையே உட்காரவைத்து, ஊசி போட்டால் தின்றே ஆக வேண்டும், இந்த மருந்துக்கு அதுதான் பத்தியம் என்று சொன்னேன். அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து, ஆவுடையம்மைக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. "பத்தியம் உண்டுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கிழவி உயிரே போனாலும் அதைக் காத்திருப்பாள். நான்தான் பத்தியமே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவன்.

அடுத்த வருஷம் ஆடி வந்தது. அழிந்த நோன்புக்கு இந்த வருஷம் இரட்டைப் பட்டினி கிடப்பார்களோ, எவளாவது உமையை இழுத்துவைப்பாளோ, அந்தத் தெருவில் யாரிடம் போய்க் கேட்பது? கேட்கக்கூடாதே! முதல் செவ்வாய்க்கிழமை காலை, டிஸ்பென்சரி திறக்கும்போதே தாணு வாசலில் நின்றான். ஓடிவந்து மூச்சு இரைத்தது. பையை எடுத்துக்கொண்டு, "விழுந்துட்டாளா?" என்றேன்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். சொல்லலாமா கூடாதா என்று கொஞ்சம் முழித்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்: "அம்மை சொல்லிவிட்டா. டாக்டரு ஒண்ணும் கேக்கப்படாதாம். ஆனா உமை தின்னாச்சாம்."

எந்த வீட்டில் கூடி, யார் யாரிடம் வாதாடி, அந்தப் பெண்கள் தங்கள் நோன்பை எப்படி வளைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உமை இப்போதும் இருக்கிறாள், போன வாரம்கூட வந்து மணல்பானையிலிருந்து குப்பி வாங்கிப்போனாள். வைத்தியத்தில் எவ்வளவோ புதிது வந்துவிட்டது, இன்னும் வரும். நான் மட்டும் யாருக்கு ஊசி போடப் போனாலும், இன்றைக்கு என்ன கிழமை என்று அடுப்பங்கரையில் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன்.